வாயைத் திறந்தாலே திருத்தம்: மிஞ்சிப் போகுதா, இல்லையா?

படுவான்கரையான்:

எங்கட கிராம அபிவிருத்திச் சங்கத்துக்குக் கொஞ்சம் தையல் மெசின் கிடைத்தது. நோட்டிஸ் எழுதும் வேலை வழமைபோல என் தலையில். "விதவைகள், ஊனமுற்றோர், ஏழைக் குடும்பங்களுக்கு இலவசத் தையல் இயந்திரம்" என்று எழுதி, ஒரு கந்தோரில் கொண்டுபோய்க் காட்டினேன். அங்கே இருந்த பிள்ளை சிவப்புப் பேனையை எடுத்தது. விதவைகள் வெட்டு, 'பெண் தலைமைத்துவக் குடும்பங்கள்'. ஊனமுற்றோர் வெட்டு, 'மாற்றுத்திறனாளிகள்'. ஏழை வெட்டு, 'குறைந்த வருமானம் பெறும் குடும்பங்கள்'. ஒரு வரி மூன்று வரியாகிவிட்டது.

நோட்டிஸ் ஒட்டிய அன்று பின்னேரம் பக்கத்து வளவு மாமி வந்து, "இது ஆருக்கு மனே? எங்களுக்கும் தருவாங்களா?" என்று கேட்கிறா. புருசன் செத்த மனிசி. அவவை நினைத்துத்தான் அந்த வரியையே எழுதினேன்!

குருடன், நொண்டி, செவிடன் என்று கூப்பிடாதே என்றால் விளங்குது. அதுக்கு எங்கட அப்பாவும் அடிப்பார். விதவை என்ன ஏச்சா? ஏழை ஏச்சா? இப்போது கலியாண வீட்டில் ஒரு பகிடி விடுவதென்றாலும் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டியிருக்கிறது. கம்பஸ் பிள்ளைகள் இதைப் 'பொலிற்றிக்கல் கரெக்ட்நெஸ்' என்கிறார்கள். மிஞ்சிப் போய்விட்டது என்பது என்ட கட்சி. உங்கட கதையையும் இந்த இழையில் எழுதுங்க.

கடைசி வாங்கு:

விதானையார் கிராம சேவகர் ஆனார், பிறகு கிராம உத்தியோகத்தர் ஆனார். பியோன் அலுவலக உதவியாளர் ஆனார். அதுக்கெல்லாம் மிஞ்சிப் போச்சு என்று ஒருவரும் அழவில்லையே அண்ணே?

ஸ்கார்பரோ மனிசன்:

தம்பி படுவான்கரை, நூற்றுக்கு நூறு. நான் இருக்கிற கனடாவில் இது முற்றிப்போன வருத்தம். மூலக்கதை தெரியுமா? எழுபதுகளில் அமெரிக்க இடதுசாரிகள், கொள்கையை அளவுக்கு மீறிப் பிடித்துத் தொங்கும் தங்கட ஆட்களையே பகிடி பண்ணத்தான் 'பொலிற்றிக்கல் கரெக்ட்நெஸ்' என்ற இந்தச் சொல்லை எடுத்தார்கள். தொண்ணூறில் வலதுசாரிகள் அதைப் பறித்து இடதுசாரிகளுக்கே திருப்பி எறிந்தார்கள். 1991 மே மாதம் அமெரிக்க ஜனாதிபதி மூத்த புஷ் மிச்சிகன் பல்கலைக்கழகப் பட்டமளிப்பில் இதைக் கண்டித்தே பேசினார். அன்றிலிருந்து இழுபறிதான்.

கனடாவில் பூர்வகுடிகளுக்கான அமைச்சின் பெயரை 2011இல் ஒருதரம், 2015இல் இன்னொருதரம் மாற்றினார்கள். அந்த மக்களைக் கட்டி வைத்திருக்கிற சட்டத்தின் பெயரோ இன்றைக்கும் 'இந்தியர் சட்டம்', 1876இல் போட்டது. பெயர்ப்பலகைக்குப் பெயின்ற் அடித்த செலவுதான் மிச்சம். ஒபிசில் ஆளுக்காள் பயந்து, சிரிப்பையும் விழுங்கிக்கொண்டு இருக்கிறோம். ஊரில் நாக்காவது சுதந்திரமாக இருக்கிறது என்றுதான் நான் மட்டக்களப்புக்கு வருவதே. அதையும் கெடுத்துப் போடாதீங்க.

தமிழ் டீச்சர், ஓய்வு:

இது வெளிநாட்டுச் சரக்கு என்று இரண்டு பேரும் முடிவு கட்டிவிட்டீர்கள். நன்னூலில் தகுதி வழக்கு என்று மூன்றைப் படித்தோமே, மறந்துபோச்சா? இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. சுடுகாட்டை நன்காடு என்றதும், செத்தவரைத் துஞ்சினார் என்றதும் மங்கலம். சபையில் சொல்லக் கூசுவதை மறைத்துச் சொல்வது இடக்கரடக்கல். எங்கட பக்கம் வீட்டில் பிள்ளைக்குக் கொப்புளம் போட்டால் நோயின் பெயரைச் சொல்வோமா? 'அம்மாள் வந்திருக்கா' என்போம். வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் செய்யும் சடங்குக்குப் பெயரே குளிர்த்தி. வெப்பத்தை வெப்பம் என்று சொல்லாமல் குளிரவைத்த சனம் நாங்கள்.

ஒரு வித்தியாசம் இருக்கிறது, அதை ஒளிக்கமாட்டேன். மங்கலமும் இடக்கரடக்கலும் சொல்பவருக்கும் கேட்பவருக்கும் கூச்சம் வராமல் காப்பாற்ற வந்தவை. சொல்லப்படுபவரைப் பற்றி அந்த இலக்கணம் கவலைப்படவில்லை. இப்போது கேட்பது அவருக்கான மரியாதையை. பழக்கம் பழையது, கணக்குப் புதியது. அதனால்தான் ஆண்களுக்குக் கொஞ்சம் கசக்கிறது போலும்.

செங்கலடி மகள்:

படுவான்கரை அண்ணன், விதவை என்ன ஏச்சா என்று கேட்டீங்க. எங்கட அம்மாவிடம் கேட்டால் ஓம் என்றுதான் சொல்வா.

அப்பாவை 1990இல் ஒரு சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் முகம் எனக்குப் போட்டோவில்தான் தெரியும். அதுக்குப் பிறகு எந்தப் படிவம் வந்தாலும் அதே பெட்டிகள்தான்: திருமணமானவர், திருமணமாகாதவர், விதவை. அம்மா திருமணமானவர் என்பதில் புள்ளடி போடுவா. கவுண்டரில் இருப்பவர் அதை வெட்டி விதவையில் போடுவார். அம்மா சண்டை பிடிக்கிற ஆள் இல்லை. சத்தம் போடாமல் இன்னொரு படிவம் கேட்பா. நெற்றியில் பொட்டு இருக்கும். ஒருநாள் ஒருவர் பொட்டைப் பார்த்துவிட்டு, "அப்ப புருசன் எங்க?" என்று கேட்டார். "அதத்தானே மகன் நாங்க உங்களிட்டக் கேக்குறம்" என்றா.

'பெண் தலைமைத்துவக் குடும்பம்' நீளமான சொல்தான், எனக்கும் அதில் அழகு தெரியவில்லை. ஆனால் அந்தப் பெட்டி வந்த பிறகு அம்மா முதல் படிவத்தோடேயே வெளியே வருகிறா. விட்டுட்டுப் போனவன், பக்கவாதத்தில் கிடப்பவன், வெளிநாடு போய்க் கதை இல்லாமல் போனவன், எல்லாருடைய பெண்சாதிமாரும் அதுக்குள் வருவார்கள். உங்கட நோட்டிஸில் விதவை என்று மட்டும் இருந்திருந்தால் மாமி வந்திருப்பா, எங்கட அம்மா வந்திருக்கமாட்டா.

இன்னொன்று. கந்தோர்க்காரர் 'காணாமல் போனோர்' என்று எழுதுவார்கள். திருவிழாவில் கைதவறிப் போன பிள்ளைகளா இவர்கள்? 'வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்' என்று ஒவ்வொரு ஓகஸ்ட் 30உம் நாங்கள் பதாகை பிடிக்கிறோம். இதுவும் சொல் திருத்தம்தான் அண்ணன். நோகாமல் இருக்கட்டும் என்று இதைக் கேட்கவில்லை. நோக வேண்டியவர்களுக்கு நோகட்டும் என்று கேட்கிறோம்.

பழைய பேனா:

தங்கச்சி சொன்னதோடு இரண்டு விசயத்தைச் சேர்க்கிறேன், பத்திரிகைக்குச் செய்தி எழுதிய பழக்கத்தில்.

1990 செப்டெம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலை, கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த அகதி முகாமில் இருந்து 158 பேர் கொண்டுசெல்லப்பட்டார்கள். இந்த வசனத்தை நானே எத்தனை தரம் எழுதியிருப்பேன். 'கொண்டுசெல்லப்பட்டார்கள்' என்று முடித்தால், கொண்டுசென்றது ஆர் என்ற கேள்விக்கு வசனத்தில் இடமே இல்லை. 'ஆக்கப்பட்டோர்' என்பதிலும் ஆளின் பெயர் இல்லைதான். ஆனால் ஆக்கியவன் ஒருவன் உண்டு என்பதையாவது அது விடாமல் பிடித்துக்கொள்கிறது.

மற்றது, இது வெறும் சொல் விளையாட்டு என்பவர்களுக்கு. 2010இல் ஒரு சட்டம் வந்தது, காணாமல் ஆக்கப்பட்டவருக்கு இறப்புச் சான்றிதழ் எடுக்கலாம் என்று. நிறையத் தாய்மார் வாங்க மறுத்தார்கள். பிறகு 2016இல் அதைத் திருத்தி, செத்தார் என்று எழுதாமல் ஆள் இல்லை என்று மட்டும் சொல்லும் சான்றிதழைக் கொண்டுவந்தார்கள். காணி, பாங்க் அலுவல்களை அதை வைத்துப் பார்க்கலாம். ஒரு சொல்லை ஏற்கமாட்டோம் என்று சனம் நின்றதால் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. அரசாங்கத்துக்குச் சொல் சின்ன விசயம் இல்லை, எங்களுக்கு மட்டும் ஏன் சின்ன விசயம்?

படுவான்கரையான்:

தங்கச்சி, அம்மாவின் விசயத்தில் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அது வேறு. ஆனால் பாருங்க, உங்கட சொல்லை நீங்களே கேட்டு, நீங்களே சண்டை பிடித்து எடுத்தீங்க. என்ட நோட்டிஸில் வந்ததெல்லாம் அப்படியா? 'குறைந்த வருமானம் பெறும்' என்று தன்னைச் சொல்லச்சொல்லி எந்த ஏழை கேட்டான்? இது கொழும்பில் ஒரு மேசையில் பிறந்து, புரொஜெக்ற் அறிக்கைக்குள் வளர்ந்து, எங்கட தலையில் வந்து விழுந்தது. அதைத்தான் மிஞ்சிப் போச்சு என்கிறேன். இன்னும் அதே கட்சிதான்.

வெள்ளைச் சுண்ணாம்பு:

ஏழை விசயத்தில் அண்ணன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஏழைகளுக்கு அரசாங்கம் கொடுத்த உதவியின் பெயர்களைப் பாருங்க: 1979இல் உணவு முத்திரை. 1989இல் ஜனசவிய. 1995இல் சமுர்த்தி. 2023இல் அஸ்வெசும. நான் படிப்பிக்கும் வகுப்பில் ஒரு பையன் இன்னொருவனை ஏசுவதற்கு, "போடா சமுர்த்தி" என்றான். சமுர்த்தி என்றால் சிங்களத்தில் செழிப்பு! செழிப்பே ஏச்சாகிவிட்டது. அதுக்கு ஆர் காரணம்? பள்ளிக்கூடத்தில், "சமுர்த்திப் பிள்ளைகள் எழும்புங்க" என்று நாற்பது பேருக்கு முன்னால் எழுப்பி விட்டு அப்பியாசக் கொப்பி கொடுத்தால், எந்தப் பெயரை வைத்தாலும் பத்து வருடத்தில் அது நாறும். அஸ்வெசுமவுக்கும் அந்த வாசம் வரத் தொடங்கிவிட்டது. பெயரைத் திருத்துவதைவிட, எழுப்பி விடுவதை நிற்பாட்டலாம். பட்டியல் கிளாஸ் டீச்சரின் மேசையில் இருந்தால் போதாதா?

மாறாகவும் ஒன்று சொல்கிறேன். அக்கரைப்பற்றுப் பக்கம் இருப்பவர்களுக்கு அளிக்கம்பைக் கிராமம் தெரியும். வீட்டில் தெலுங்கு பேசும் சனம். குறவர் என்ற சொல்லை வெளியாட்கள் அவர்கள் மேல் எறிந்து எறிந்து, அந்தப் பிள்ளைகள் வெளிப் பள்ளிக்கூடத்துக்கு வந்தால் ஊரின் பெயரையே மெதுவாகச் சொல்கிற நிலை. இதே நாங்கள்தான் கோயிலில் வள்ளியம்மையைக் குறமகள் என்று உருகிப் பாடுகிறோம். சாமிக்குப் பெண் எடுக்கும்போது குறவர் நல்ல சாதி, பக்கத்து வாங்கில் இருந்தால் மூக்கைச் சுளிப்பு. தங்களைத் தெலுங்கர் என்று சொல்வோரும் இருக்கிறார்கள், குறவர் என்பதில் ஒரு குறையும் இல்லை என்போரும் இருக்கிறார்கள். அதை அவர்கள் தீர்க்கட்டும். எனக்கு அதில் வாக்கு இல்லை.

கரைவாகுக்காரன்:

ஸ்கார்பரோ அண்ணன், ஊரில் நாக்குச் சுதந்திரமாக இருக்கிறது என்றீங்க. ஆருடைய நாக்கு?

முஸ்லிம் ஆளைக் கண்டால் முகத்துக்கு முன்னால், "வாங்க காக்கா, இரிங்க காக்கா." கொஞ்சம் அங்கால போனவுடன் சோனி, தொப்பி பிரட்டி. 2019 உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த பிறகு கொஞ்சக் காலம் அதை முகத்துக்கு முன்னாலேயே சொன்னார்கள். கல்முனை பஸ்ஸில் எங்கட உம்மாவுக்குப் பக்கத்து சீற் வெறுமையாகவே வந்தது, சனம் நின்றுகொண்டு வந்தது.

எங்கட ஆட்களைத் தூக்கிப் பிடிக்கவும் வரவில்லை. சந்தையில் காது கொடுத்துக் கேளுங்க: "தமிழன் வந்தான், நெல்லு தந்தான், போய்ட்டான்." நெல் தந்தவருக்கு எழுபது வயசிருக்கும்.

ஆனால் ஒரு விசயத்தில் படுவான்கரை அண்ணனோடு நிற்கிறேன். சட்டத்தைக் கொண்டு வாயைப் பூட்டப் போனால் கதை கந்தல். 2007இல் கொண்டுவந்த குடியியல் அரசியல் உரிமைகள் சமவாயச் சட்டம், அதன் மூன்றாம் பிரிவு, வெறுப்பைத் தூண்டுகிறவர்களைப் பிடிக்க வந்தது. 2019இல் அதைக் கொண்டு ஆரைப் பிடித்தார்கள்? சிறுகதை எழுதிய சக்திக சத்குமாரவை மாதக் கணக்கில் உள்ளே வைத்தார்கள். ஹசலகவில் ஒரு முஸ்லிம் பெண்ணை, உடுப்பில் இருந்த கப்பல் சுக்கான் தர்மச் சக்கரம் போல இருக்கிறது என்று பிடித்தார்கள். மேடையில் நின்று அடி, கொளுத்து என்று கத்தியவர்களில் பலர் வீட்டில் இருந்தார்கள். 2024இல், இணையத்தில் எழுதுவதைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் வந்தாயிற்று. மரியாதை கெட்ட பேச்சுக்குப் பொலிசைக் கூப்பிடாதீங்க. அந்த லத்தி கடைசியில் வந்து விழுவது எங்கட முதுகில்தான்.

பழைய பேனா:

காக்கா, நீங்கள் போகிற போக்கில் சொன்ன அந்த 'வந்தான், தந்தான்' தான் இந்த இழையிலேயே பெரிய சாமான். எல்லாரும் பெயர்ச்சொல்லைப் பிடித்து மல்லுக்கட்டுகிறோம். தமிழில் மரியாதை பெயரிலா இருக்கிறது? வினைமுற்றில் இருக்கிறது. தோட்டியைச் சுகாதாரத் தொழிலாளி ஆக்கினோம், நல்லது. "சுகாதாரத் தொழிலாளி இன்னும் வரல்ல, எங்க கிடக்கிறானோ." "டொக்டர் இன்னும் வரல்ல, என்ன அலுவலோ அவருக்கு." பெயரைச் சட்டை மாதிரி மாற்றிப் போட்டோம், 'ஆன்' விகுதியும் 'ஆர்' விகுதியும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

பத்திரிகையிலும் இதே கூத்து. கோழி களவெடுத்தவன் 'கைதானான்'. கோடி களவெடுத்தவர் 'கைதானார்'. நீதிமன்றம் இரண்டு பேருக்கும் இன்னும் தீர்ப்புச் சொல்லவில்லை, எங்கட விகுதி சொல்லி முடித்துவிட்டது. நான் இருந்த இடத்தில் எல்லாருக்கும் 'ஆர்' போடலாமே என்று கேட்டேன். "கள்ளனுக்கு என்ன மரியாதை" என்றார்கள். நான் கேட்டது சந்தேகநபருக்கு.

அப்புறம் படுவான்கரைத் தம்பி, கந்தோரில் இருந்த உத்தியோகத்தர் உங்கட எழுத்தில் 'பிள்ளை, பேனையை எடுத்தது'. அதே கதிரையில் ஒரு ஆண் உத்தியோகத்தர் இருந்திருந்தால்?

படுவான்கரையான்:

பிள்ளை என்பது வாஞ்சை அண்ணன். எங்கட ஊரில் கலியாணம் கட்டி நாலு பிள்ளை பெற்றாலும் பிள்ளைதான்.

தமிழ் டீச்சர், ஓய்வு:

வாஞ்சைதான், மறுக்கவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அதிபரும் வாஞ்சையாக என்னைப் பிள்ளை என்பார். கூட்டத்தில் நான் சொன்னதை மட்டும் குறிப்பேட்டில் எழுதமாட்டார்.

பதுளை வீதி:

எங்கட அப்பா 1977 கலவரத்துக்குப் பிறகு மலையில் இருந்து இந்தப் பக்கம் வந்தவர். நான் பிறந்தது மட்டக்களப்பில், படித்தது மட்டக்களப்பில், பேசுவது உங்கள் 'மறுகா'வும் 'கிறுகி'யும். ஆனாலும் கலியாணப் பேச்சு வந்தபோது, "அவங்க தோட்டக்காட்டாக்கள் எல்லா" என்று ஒரு வீட்டில் சொல்லி அனுப்பினார்கள். 1948இல் எங்கட மலையகச் சனத்தின் குடியுரிமையைப் பறித்தது ஒரு அரசாங்கம், சரி, அது அரசாங்கம். இதைச் சொன்னது தமிழ் வாய். 2024 குடிசன மதிப்பீட்டில் இந்தியத் தமிழர் என்பதோடு மலையகத் தமிழர் என்றும் வந்தது. நான் அதில்தான் பதிந்தேன். வீட்டுக்கு ஒரு மூட்டை அரிசி வரவில்லைதான். அப்பா இருந்திருந்தால் அந்த வரியை இரண்டு தரம் வாசித்திருப்பார்.

இரவு டியூட்டி:

நான் ஆஸ்பத்திரியில் வேலை. சொல் ஆளைக் கெடுக்குமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று.

மட்டக்களப்பு வாவிக்குள் இருக்கிற மாந்தீவு தெரியும்தானே, தொழுநோய் ஆஸ்பத்திரி இருந்த தீவு. பழைய ஆட்களுக்கு அந்தத் தீவின் பெயரைக் கேட்டாலே முகம் மாறும். 'குட்டம் பிடிப்பான்' இன்றைக்கும் மண் வாரித் தூற்றும்போது வருகிற சொல். இலங்கையில் இன்னும் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு மேல் புது நோயாளர் கண்டுபிடிக்கப்படுகிறார்கள், எங்கட மாவட்டமும் அதில் உண்டு. மருந்து இலவசம். ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ ஒழுங்காகப் போட்டால் சுகம். ஆனால் தோலில் உணர்ச்சி இல்லாத தேமல் ஒன்று வந்தால், பெயருக்குப் பயந்து சட்டைக் கையை நீட்டிப் போட்டுக்கொண்டு திரிவார்கள். நரம்பு செத்து விரல் மடங்கிய பிறகுதான் வருவார்கள். அதனால் நாங்கள் கிளினிக்கில் முதல் நாள் நோயின் பெயரைச் சொல்வதே இல்லை. "தேமலைத் தொட்டால் தெரியுதா அம்மா?" அவ்வளவுதான். பெயர் பிறகு, மருந்துக் காட் கையில் வந்த பிறகு. இது பொலிற்றிக்கலா கரெக்டா எனக்குத் தெரியாது. விரல் மிஞ்சுது.

நடத்துநர்:

'ஒற்றைக்கால் கொக்கு' என்ற பெயரில் எழுதும் அங்கத்தவருக்கு: உங்கள் பெயர் மாற்றுத்திறனாளிகளைப் புண்படுத்துவதாக முறைப்பாடு வந்திருக்கிறது. தயவுசெய்து மாற்றுங்கள்.

கடைசி வாங்கு:

இது படுவான்கரை அண்ணன் காசு கொடுத்துச் செய்த வேலை போல இருக்குதே!

ஸ்கார்பரோ மனிசன்:

நடத்துநர் அவர்களே, 1993இல் அமெரிக்காவில் பார்வையற்றோரின் தேசிய சம்மேளனமே, எங்களைக் குருடர் என்று நேராகச் சொல்லுங்கள், சுற்றி வளைக்காதீங்க என்று தீர்மானம் போட்டது. சம்பந்தப்பட்ட ஆளே வைத்த பெயரை நீங்கள் எப்படி மாற்றச் சொல்வீங்க?

ஒற்றைக்கால் கொக்கு:

இதுவரை வாசித்துக்கொண்டுதான் இருந்தேன், என்ட பெயரிலேயே கை வைத்துவிட்டீங்க. வலது கால் மிதிவெடியில் போனது. கொக்கு என்பது என் கூட்டாளிகள் வைத்தது. வாவியில் மீனுக்குக் காத்துக்கொண்டு நிற்கிற கொக்கைப் பார்த்தால் எனக்குப் பெருமையாக இருக்கும். அவர்கள் கூப்பிடலாம், நானும் என்னை எழுதலாம். முன்பின் தெரியாத ஒருவர் றோட்டில் வைத்து, "டேய் கொக்கு" என்றால் ஊன்றுகோல் பேசும். இதில் விளங்காத சங்கதி என்ன இருக்கிறது?

ஸ்கார்பரோ அண்ணனுக்கு நன்றி, ஆனால் அமெரிக்கக் குருடரின் தீர்மானம் அவர்களுக்கு. இங்கே கண் தெரியாத என் சிநேகிதன் ஒருவன் குருடன் என்றால் மூன்று நாள் கதைக்கமாட்டான். அவனிடம் போய் 1993ஐக் காட்டாதீங்க.

மாற்றுத்திறனாளி என்ற சொல் எனக்குக் கசப்பும் இல்லை, இனிப்பும் இல்லை. மாற்றுத் திறன் என்ன வைத்திருக்கிறாய், பறப்பாயா என்று என் மகளே கேட்கிறாள். பொது இடங்களில் சாய்தளம், கைபிடி, மலசலகூடம் வைக்கவேண்டும் என்று 2006இல் வர்த்தமானி வந்தது. ஏற்கெனவே இருந்த கட்டடங்களுக்கு மூன்று வருடத் தவணை. பிறகு தவணையை நீட்டினார்கள். புதுக் கட்டடங்கள் பற்றி 2011இல் உயர் நீதிமன்றமும் கட்டளை போட்டது. 'மாற்றுத்திறனாளிகளுக்கான சேவைப் பிரிவு' என்று அழகாகப் பலகை போட்ட ஒரு கந்தோருக்குப் போனேன். பிரிவு மேல்மாடியில். லிப்ற் இல்லை. கீழே நின்று போன் பண்ணினேன், ஒரு பையன் படிவத்தைக் கொண்டுவந்து, "ஐயா இரிங்க" என்று மிச்சம் மரியாதையாகத் தந்தான். இருக்கக் கதிரையும் இல்லை.

பெயரை மாற்றமாட்டேன். படி மட்டும் இருக்கிற பொதுக் கட்டடங்களைப் பட்டியல் போட இன்னொரு இழை திறக்கிறேன், எருவில் தொடக்கம் பொத்துவில் வரை தெரிந்தவர்கள் வந்து எழுதுங்க. படம் இருந்தால் இன்னும் நல்லம்.

கடைசி வாங்கு:

எங்கட ஊர்த் தபால் கந்தோரை முதலாவதாகப் போடுங்க. ஐந்து படி, கைபிடி இல்லை, மழைக்குப் பாசி வேறு.